இரும்புத் துரையின் ஈரக் கவசம்

மாலை 4.42

தயாபரன் இறந்து கிடந்ததை முதலில் பார்த்தவர்கள் நாற்பத்தொரு பேர். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் ஒரு சாண் உயரம். வெள்ளீயத்தில் வார்த்த கவச வீரர்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்று மினுங்கும் கவசம் போட்டுக்கொண்டு, மேசையில் கவிழ்ந்திருந்த எஜமானைத் தலைக்கவசக் கீறல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நாற்பத்திரண்டாவதாகப் பார்த்தவன் ரமேஸ், தயாபரனின் அக்காள் மகன்.

"மாமா!"

முற்றத்தில் காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்த முஹ்ஸினா, அட்டையை அதன் போக்கில் விட்டுவிட்டு உள்ளே ஓடினார். முஹ்ஸினாவுக்குப் பண்டாரவளையில் வாகனப் பெயின்ட் கடை. மாதம் ஒரு தடவை தயாபரனுக்கு லெக்கர் என்னும் மெருகுப் பூச்சு டப்பாக்கள் கொண்டுவருவார். அன்று பண்டாரவளையிலிருந்து வந்த பஸ்ஸில் ரமேஸும் அவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்திருந்தார்கள். வழி முழுக்க ரமேஸ் மூன்று தடவை நேரம் கேட்டான். அவன் கையில் கைக்கடிகாரம் இருந்தது.

அறையின் ஜன்னல் திறந்திருந்தது. கம்பிகளுக்கு இடையில் மூடுபனி உள்ளே வந்து, யாரும் உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்திருந்தது. ஊசிப்பாறைத் தேயிலைத் தோட்டத்து மேல்டிவிஷன் நமுனுகுல மலையின் இடுப்பில் இருக்கிறது. அங்கே பிற்பகல் மூன்று மணிக்குப் பனி வரும். லேசுப்பட்ட பனி அல்ல. முன்னே ஒரு கணக்கப்பிள்ளை அதில் ஆணி அடித்துக் குடையை மாட்டிவிட்டுப் பெரட்டுக்கு வந்த தொழிலாளர்களைப் பேர் கூப்பிட்டார். பனி கலைந்ததும் குடை விழுந்தது. ஆணி இன்றுவரை கிடைக்கவில்லை.

பெயின்ட் கரைக்கும் தின்னர் போத்தல் ஒன்று மேசையில் சரிந்து கிடந்தது. அதன் நெடி மூக்கை எரித்தது. தயாபரனின் உதட்டோரம் நுரை காய்ந்திருந்தது. அவர் நெற்றிக்கு நேரே செக்கச் செவேலென்று ஒரு வீரன் நின்றான். அவன் மார்பிலிருந்து சிவப்பு வழிந்து, முழங்காலில் தயங்கி, காலடியில் ஒரு சின்னக் குட்டையாகத் தேங்கியிருந்தது.

ரமேஸ் விரலால் தொட்டான். "இன்னும் ஈரம். இப்பத்தான் பூசியிருக்காரு! கொஞ்சம் முந்தி வந்திருந்தா…" விரலை உடனே காற்சட்டையில் அழுத்தித் துடைத்தான்.

முஹ்ஸினா எதையும் தொடவில்லை. பயம். முப்பது வருடம் பெயின்ட் விற்றவர்தான். ஆனால் பிணத்தோடு ஒரே அறையில் நிற்பது அதுவே முதல் தடவை.

மேசையோரத்தில் ஒரு தேநீர்க் கோப்பை. காலி.

மாலை 4.45

சமையற்கட்டிலிருந்து யசோதினி ஓடிவந்தாள். வாசலைத் தாண்ட ரமேஸ் விடவில்லை.

"அங்கேயே நில்லு. பொலிஸ் வரட்டும்."

யசோதினிக்கு இருபத்தாறு வயது. கீழே ஏழு வீடுகள் ஒட்டி நிற்கும் தொழிலாளர் லயத்துக்காரி. தயாபரனுக்குச் சமைப்பாள். வீரர்களின் முகத்துக்கும் கேடயத்துக்கும் வர்ணம் தீட்டுவதும் அவள்தான். கவசம் மட்டும் தயாபரனுடைய வேலை. கவசத்துக்கு அவர் பெயின்ட் பூசமாட்டார். உலோகத்தைக் கம்பிப் பஞ்சால் தேய்த்து, நிலைக்கண்ணாடி போல் ஆக்கி, அதன்மேல் நிறமுள்ள, ஆனால் ஊடுருவித் தெரியும் லெக்கரை மெல்லிசாக ஏழு தடவை ஏற்றுவார். நிறத்துக்கு அடியில் உலோகம் தெரியும். சிவப்புக் கவசம் என்றால், உலையில் காய்ச்சி எடுத்த சிவப்பு. வெளிநாட்டுக்காரர்கள் எழுதிக் கேட்டு வாங்கினார்கள். லயத்துச் சனங்கள் அவர்களை "இரும்புத் துரைமார்" என்று அழைத்துத் தூரத்திலேயே நின்றுகொண்டார்கள்.

ஜன்னலுக்கு வெளியே ஏழு வீட்டுக்காரர்களும் கூடிவிட்டார்கள். லெட்சுமி கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தாள். அடுத்த கணம் கையை உதறினாள்.

"ஐயோ, துரைக்கு ரத்தம் வடியுதுடி! காலடியில பாரு, எறும்பெல்லாம் செத்துக் கெடக்கு. காவு வாங்கிட்டாரு!"

கூட்டம் ஒரே அடியாக நான்கடி பின்னால் போனது. யாரோ ஒரு குழந்தையின் கண்ணைப் பொத்தினார்கள். அது யசோதினியின் நான்கு வயது மகள் தனுஜா.

சனங்கள் பயந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவர்களுடைய லயத்துச் சுவரில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. மீரியபெத்த மண்சரிவுக்குப் பிறகு, மழை பெய்கிற இரவுகளில் அவர்கள் செருப்பைப் போட்டுக்கொண்டேதான் படுப்பார்கள். தயாபரன் தன் பங்களாவைச் சுற்றியிருந்த பாறைநிலத்தை அந்த ஏழு குடும்பங்களுக்கும் எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை பதுளைக்குப் போய்க் கையெழுத்து. இன்று வெள்ளி.

மாலை 5.05

சப்-இன்ஸ்பெக்டர் றிஸாத் இரண்டு கான்ஸ்டபிள்களோடு ஜீப்பில் வந்தார். அறைக்குள் நுழைந்ததும் நாற்பத்தொரு பேரும் தன்னையே பார்ப்பது போல் இருந்ததால், சுவரைப் பார்த்தபடியே சிவப்பு வீரனைத் தொட்டார். விரல் ஒட்டியது. கைக்குட்டையில் துடைத்துக் காற்சட்டைப் பையில் செருகிக்கொண்டு கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார். அங்கே வெளிச்சம் அதிகம்.

"பேர்?"

"யசோதினி, சேர்."

"பகல்ல வீட்ல யார் யார்?"

"ஐயா, நான், ரமேஸ் அண்ணன். பன்னெண்டு மணிக்குப் பிள்ளைமடுவத்துக்குப் போயி மகளக் கூட்டிக்கிட்டு, பன்னெண்டே முக்காலுக்கு வந்தேன். ரமேஸ் அண்ணன் அப்பத்தான் பஸ்ஸுக்குக் கெளம்புனாரு. 'மாமா வேலையா இருக்காரு, கூப்புடாத'ன்னாரு."

"சாப்பாடு?"

"வேலையில இருந்தா ஐயா பகல்ல சாப்பிடமாட்டாரு சேர். மூணேகாலுக்கு டீ கொண்டு வெச்சேன். பேசல. வேலையா இருக்கும்போது பேசமாட்டாரு. முதுகத்தான் பாத்தேன். உள்ள ஒரே பனி."

"அதுக்கப்புறம் வீட்டுக்குள்ள யாராவது வந்தாங்களா?"

"யாரும் வரல சேர். நாலரை வரைக்கும் கூடத்துலதான் கீரை ஆஞ்சுக்கிட்டிருந்தேன். அப்புறம்தான் சமையற்கட்டுக்குப் போனேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"யாருமே வரல சேர்."

உண்மையைச் சொல்லிக்கொண்டே அவள் தன்னைச் சுற்றிச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தாள். முஹ்ஸினாவுக்கு அது தெரிந்தது. அவளுக்குத் தெரியவில்லை.

"இந்த லெக்கர் எவ்வளவு நேரத்துல காயும்?"

"பத்து நிமிசம் சேர். ஈரக்காத்துன்னா அரை மணி."

"துரை இன்னும் காயல. அப்ப நாலரை வரைக்கும் தயாபரன் உசிரோட இருந்து பூசியிருக்காரு. அந்த நேரம் வீட்ல நீ மட்டும்தான். டீக் கோப்பை காலி."

"பனி வந்தா ஐயா பூசவே மாட்டாரு சேர்! ஜன்னலுக்கு எதுத்தாப்புல இருக்கிற சவுக்குமரம் பனியில மறைஞ்சா லெக்கர் டப்பாவ மூடிருவாரு."

"ஈரமா இருக்கே. நானே தொட்டேன்." றிஸாத் தொடையைச் சொறிந்தார்.

ரமேஸ் தொண்டையைச் செருமினான். "சொல்லக் கூடாதுன்னு பாத்தேன் சேர். மாமா மனசு மாறிட்டாரு. காணி குடுக்கலன்னு நேத்துத்தான் இவகிட்டச் சொன்னாரு."

"பொய்! அப்புடி ஒண்ணுமே சொல்லல!"

"கோப்பையைப் பரிசோதனைக்குக் கொழும்புக்கு அனுப்பணும். பதில் வர ஆறு கெழமை, ஒண்ணரை மாசம் ஆகும். அதுவரைக்கும் இவ ரிமாண்ட்ல இருக்கட்டும்." றிஸாத் எழுதிக்கொண்டிருந்த கொப்பியை மூடினார். இன்னொரு தடவை தொடையைச் சொறிந்தார்.

யசோதினி அழவில்லை. தனுஜா ஓடிவந்து அவள் சீலையைப் பிடித்துக்கொண்டாள். கான்ஸ்டபிள் பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஐந்தாவதைப் பிரிக்கும்போது முதலாவது திரும்பப் பிடித்தது.

மாலை 5.32

"றிஸாத் தம்பி, ஒரு பத்து நிமிசம்," என்றார் முஹ்ஸினா.

"என்ன ராத்தா?" றிஸாத் அவரை அக்கா முறை வைத்துத்தான் கூப்பிடுவார். "உங்க லெக்கர்ல ஒரு பிழையும் இல்ல. பயப்படாதீங்க."

"அதான் பயம்மா இருக்கு. பிழை இருக்கணும்."

அவர் மறுபடி அந்த அறையின் வாசலுக்குப் போனார். உள்ளே போகக் கால் வரவில்லை. இறந்தவரின் முதுகைப் பார்க்காமல் சிவப்பு வீரனை மட்டும் பார்த்தார். மார்பில் ஜன்னல் கம்பி தெரிந்தது. கன்னத்தில் மேல்விளக்கு தெரிந்தது. ஒரு புகைச்சல் இல்லை, ஒரு மங்கல் இல்லை. இவ்வளவு அழகாக இருக்க அதற்கு உரிமை இல்லை.

"யசோ புள்ள, நீ பகல்ல திரும்பி வந்தப்ப வீட்ல ஏதாவது மாறி இருந்திச்சா? சின்னதா இருந்தாலும் சொல்லு."

யசோதினி கண்ணைத் துடைத்தாள். "ரெண்டு கிளாஸ் கழுவிக் கவுத்திருந்திச்சு. நான் கழுவல. ரமேஸ் அண்ணன் வந்து மூணு மாசமாச்சு, ஒரு கரண்டியக்கூடக் கழுவினதில்ல. அதான் ஆச்சரியமா இருந்திச்சு."

"தண்ணி குடிச்சேன், கழுவினேன். அது குத்தமா?" என்றான் ரமேஸ்.

"நல்ல பழக்கம்தான் தம்பி," என்றார் முஹ்ஸினா. "புள்ள, ஒரு தேக்கரண்டி கொண்டா. பளபளன்னு இருக்கணும்."

மாலை 5.38

முஹ்ஸினா தன் பையிலிருந்த புது டப்பாவைத் திறந்தார். தயாபரன் வழக்கமாக வாங்கும் அதே சிவப்பு. தேக்கரண்டியின் முதுகில் ஒரே இழுப்பில் பூசினார். கரண்டி மாணிக்கம்போல் ஆனது. அதைக் கூடத்து ஜன்னலைத் திறந்து விளிம்பில், பனிக்குள் வைத்தார்.

"என்ன மந்திரமா?" றிஸாத்தின் குரல் சற்று இறங்கியிருந்தது.

"இல்ல. சும்மா பாத்துக்கிட்டிருங்க."

எல்லோரும் பார்த்தார்கள். உள்ளே பொலிஸ், வெளியே ஏழு குடும்பங்கள், திறந்த அறைக்கதவு வழியே அலுமாரியில் நாற்பது துரைமார். மலைச் சரிவில் எங்கோ ஒரு கல் உருண்டது. லெட்சுமி தன்னையறியாமல் காலில் செருப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

மாலை 5.43

கரண்டியின் விளிம்பில் ஒரு வெள்ளைப் புகை படர்ந்தது. ஊதினால் போய்விடும் போலிருந்தது. முஹ்ஸினா ஊதினார். போகவில்லை. நடுவுக்கு நகர்ந்தது. இன்னும் இரண்டு நிமிடத்தில் மாணிக்கம் முழுவதும் பால் ஊற்றிய ரோஜா நிறமாக வெளுத்துப் போனது.

"பனிக்குள்ள லெக்கர் பூசினா ஈரத்தைக் குடிச்சு இப்பிடித்தான் வெளுக்கும். முப்பது வருசத்துல எத்தனை கார்க் கதவு இப்பிடிப் போச்சுன்னு எனக்குத்தான் தெரியும். அதனாலதான் சவுக்குமரம் மறைஞ்சா மனுசன் டப்பாவை மூடினாரு." அவர் அறைவாசல் வழியே சிவப்பு வீரனைக் காட்டினார். "ஜன்னல் திறந்து கிடக்கு. மூணு மணியிலேருந்து பனி. நாலரைக்குப் பூசின துரை ஏன் வெளுக்கல?"

றிஸாத் யோசித்தார். "அப்ப மூணு மணிக்கு முந்தி பூசினது."

"அப்ப ஏன் இன்னும் காயல?"

றிஸாத் சிவப்பு வீரனை எட்டிப் பார்த்தார். தொடையைச் சொறிந்தார்.

"தம்பி, வந்ததிலேருந்து சொறியிறீங்க. அட்டையா?"

"இல்ல ராத்தா, என்னமோ கடிக்குது."

"அந்தப் பைக்குள்ள என்ன வெச்சீங்க?"

றிஸாத் கைக்குட்டையை வெளியே இழுத்தார். சிவப்புக் கறை இருந்த மூலையில் சிற்றெறும்புகள் மொய்த்துக்கொண்டிருந்தன. சில ஓடின. பல ஓடவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை மேசையில் போட்ட வேகத்தில் அவருடைய தொப்பி விழுந்தது.

"கடையில மூவாயிரம் டப்பா இருக்கு," என்றார் முஹ்ஸினா. "லெக்கரைத் தின்ன ஒரு எறும்பு இதுவரைக்கும் வரிசையில நின்னதில்ல. அது இனிப்பு. ரோஸ் சர்பத் பாணி, சீனிப்பாகு. பளபளக்கிற வெள்ளீயத்துல சிவப்புப் பாணியைத் தடவினா, உள்ளே உலோகம் தெரியும், பாக்கிறதுக்கு அச்சு அசலா லெக்கர் மாதிரியே இருக்கும். ஆனா காயாது. நாளைக்கு வந்து தொட்டாலும் 'இப்பத்தான் பூசினது' மாதிரி ஒட்டும்."

முஹ்ஸினா டப்பா மூடியால் கைக்குட்டையை ரமேஸின் பக்கம் தள்ளினார்.

"ரமேஸ் தம்பி."

"என்ன?"

"முதல்ல தொட்டுப் பாத்தவரு நீங்கதான். லெக்கரா, பாணியா? நாக்குல ஒரு சொட்டு வெச்சுச் சொல்லிருங்க. லெக்கர்னா கொஞ்சம் கசக்கும், துப்பிறலாம். பாணின்னா இனிக்கும். ரெண்டுல எதுவும் ஆளைக் கொல்லாது."

ரமேஸ் ஓரடி பின்வாங்கினான்.

"வைங்க தம்பி. புள்ளையை ஜீப்ல ஏத்தப் போறாங்க. ஒரு சொட்டு."

"நான் ஏன் வைக்கணும்?"

"சரி, நான் பாக்கிறேன்," என்று றிஸாத் விரலை நீட்டினார். முஹ்ஸினா அந்தக் கையில் ஓங்கி அடித்தார். அரச ஊழியரைக் கடமை நேரத்தில் அடித்த குற்றத்துக்கு அவர்மீது இன்றுவரை வழக்குப் போடப்படவில்லை.

"எறும்பு செத்துக் கெடக்கிறது தெரியலியா தம்பி! லெட்சுமி அப்பவே சொன்னாளே. துரை காவு வாங்கல. பாணிக்குள்ள பூச்சிமருந்து இருக்கு." அவர் ரமேஸின் பக்கம் திரும்பினார். "நம்ம எல்லாருக்கும் அது பெயின்ட். அது விசம்னு தெரிஞ்சு பின்னால போனது நீங்க ஒருத்தர்தான்."

ரமேஸ் கதவைப் பார்த்தான். கதவில் இரண்டு கான்ஸ்டபிள்கள். ஜன்னலைப் பார்த்தான். ஜன்னலில் ஏழு குடும்பங்கள்.

மாலை 5.56

முஹ்ஸினா விளக்கியது இவ்வளவுதான்.

பகல் பன்னிரண்டு மணி. யசோதினி பிள்ளைமடுவத்துக்குப் போகிறாள். ரமேஸ் இரண்டு கிளாஸில் சர்பத் கலக்கிறான். மாமாவின் கிளாஸில் மருந்துப் பாணி. அறையில் தின்னர் நெடி. அந்த நெடிக்குள் எந்த வாசமும் தெரியாது. மாமா குடிக்கிறார். கவிழ்கிறார். அவர் காலையில் பூசி முடித்துக் காயவைத்திருந்த வீரன்மேல் மிச்சப் பாணியைத் தடவுகிறான். தின்னரையும் சரித்துவிடுகிறான். கிளாஸ்களைக் கழுவுகிறான். பிறகு பஸ் ஏறி, திரும்பி வரும்போது தானே சாட்சியாகத் தேர்ந்தெடுத்த ஒரு பெயின்ட் கடைக்காரியிடம் மூன்று தடவை நேரம் கேட்கிறான்.

"அந்த டீ?" என்றார் றிஸாத்.

"நான் முற்றத்துல அட்டை பிடுங்கிக்கிட்டிருந்தேன். இவரு முதல்ல உள்ள போனாரு. ஒரு கோப்பையை ஜன்னலால ஊத்த எவ்வளவு நேரம் வேணும்? கம்பிக்குக் கீழே பாருங்க, சுண்ணாம்புச் சுவர்ல வடிஞ்சிருக்கும்."

வடிந்திருந்தது.

"காணிக்குக் கையெழுத்து வெச்சிட்டா இவருக்கு ஒண்ணும் மிஞ்சாது. ஆனா ஒண்ணு மறந்துட்டாரு. கொழும்பில வளந்த புள்ள. லெக்கர் காயிற நேரத்தைக் கேட்டுத் தெரிஞ்சு வெச்சிருந்தாரு. பனி லெக்கரை என்ன செய்யும்னு கேக்கல."

யசோதினி மெதுவாக நிமிர்ந்தாள். "அப்ப நான் மூணேகாலுக்கு டீ வெச்சப்ப…"

முஹ்ஸினா அவள் தோளில் கை வைத்தார்.

"'சீனி கம்மியாப் போட்டேன் ஐயா'ன்னு சொன்னேன். நின்னு சொன்னேன்." அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. தனுஜா அம்மாவின் முதுகில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இந்தத் தடவை அந்த விரல்களை யாரும் பிரிக்கவில்லை.

மாலை 6.10

பாணிப் போத்தலைக் கண்டுபிடித்தது பொலிஸ் அல்ல. லெட்சுமி ஒரு டோர்ச் லைட்டோடு எறும்பு வரிசையைப் பிடித்துக்கொண்டு போனாள். வரிசை பின்பக்கத்து வாய்க்காலுக்குக் கீழே, மூன்றாவது தேயிலைச் செடியின் தூரில் முடிந்தது. போத்தலைச் சுற்றி இறந்தவர்களின் எண்ணிக்கை அதிகம். கொழும்பு ஆறு கிழமையில் சொல்லவிருந்ததை அவை பேப்பர் செலவில்லாமல் சொல்லி முடித்திருந்தன.

ரமேஸ் ஜீப்பில் ஏறியபோது ஒன்றுதான் சொன்னான்: "பனியா?" நம்ப முடியாதவன்போல் கையை நீட்டிப் பனியைத் தொட்டுப் பார்த்தான். றிஸாத் குழாயடியில் கைகழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர்த் தாங்கி காலியாகும்வரை கழுவினார்.

பிறகு நடந்தது

காணி வழக்கு பதுளையில் நடக்கிறது. தயாபரன் கையெழுத்து வைக்காமலே போய்விட்டார். காணி யாருக்கு என்று சட்டம் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. வெடித்த சுவருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. அடுத்த பெருமழைக்கு முன்பே ஏழு குடும்பங்களும் பங்களா முற்றத்துப் பாறைநிலத்தில் தகரம் போட்டுக் குடியேறிவிட்டார்கள். குடியேறிய பன்னிரண்டாம் நாள் லயம் பின்சுவரோடு பள்ளத்துக்குள் இறங்கியது. உள்ளே ஒரு கோழிகூட இல்லை.

அவர்களை அங்கிருந்து எழுப்ப மூன்று அதிகாரிகள் மூன்று தடவை வந்தார்கள். மூன்று பேரும் வாசல் கேற்றோடு திரும்பிப் போனார்கள். கேற்றுத் தூணின்மேல் அந்தச் சிவப்பு இரும்புத் துரை நிற்கிறார். அதிகாரிகள் வரும் நாட்களில் மட்டும் அவர் மார்பிலிருந்து சிவப்பு வடிகிறது. "எறங்கி வாங்க சேர், பரவாயில்ல. போன தடவை வந்தவருக்குக் காய்ச்சல் மட்டுந்தான் வந்திச்சு," என்று லெட்சுமி மரியாதையாகக் கூப்பிடுகிறாள். யாரும் ஜீப்பை விட்டு இறங்குவதில்லை.

துரையின் காலடியில் இப்போதும் எறும்புகள் வரிசையாக வந்து போகின்றன. ஒன்றும் சாவதில்லை.

ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளி, பண்டாரவளை பஸ்ஸில் முஹ்ஸினா ஒரு பார்சல் அனுப்புகிறார். உள்ளே யசோதினிக்கு இரண்டு டப்பா லெக்கர். கவசத்தையும் இப்போது அவள்தான் பூசுகிறாள். சவுக்குமரம் மறைந்ததும் மூடியைப் போட்டுவிடுகிறாள். டப்பாக்களுக்கு நடுவில், உடையாமல் பழைய பேப்பரில் சுற்றி, ஒரு போத்தல் ரோஸ் சர்பத்.